மண்டி போட்ட மாப்பிள்ளை

ருத்ரேஷ்வரை ஆக்சிலியாவுக்கு முதல் அத்தியாயத்திலேயே பிடிக்கவில்லை. முப்பது வயதுகூட நிரம்பாதவன், ஊர்ப்பட்ட கம்பெனிகளுக்கு முதலாளி. ஆனால் ஒருநாளாவது ஆபீசுக்குப் போனதாகத் தெரியவில்லை. கண்கள் எந்நேரமும் சிவந்தே கிடந்தன. கோபம் வந்தால் கண்ணாடித் தம்ளரைக் கையாலேயே நொறுக்குவான். ரத்தம் சொட்டச் சொட்ட ஜன்னலோரம் போய் நின்று மழையைப் பார்ப்பான். நொறுங்கியதைப் பெருக்கி அள்ளியது யார் என்று எழுத்தாளர் எங்கேயும் எழுதவில்லை.

நாவலின் பெயர் 'முரடனின் மூச்சில் ஒரு மல்லிகை'. எழுதியவர் நிலாத்தூரிகை என்ற புனைபெயர்க்காரர். செல்போனில் வாரம் இரண்டு அத்தியாயம் வந்துகொண்டிருந்த தொடர். அதைக் கண்ணால் படிக்கப் பொழுதில்லாத பெண்களுக்காக, சோறு வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் காதில் மாட்டிக் கேட்பதற்காக, வாசித்து யூடியூபில் போடுவதுதான் ஆக்சிலியாவின் வேலை.

கம்பைநல்லூர் சர்ச்சில் ஞாயிறு பூசைக்கு வருகிறவர்களுக்கு அவள் குரல் பல வருடப் பழக்கம். பைபிளிலிருந்து முதல் வாசகம் அவள் வாசித்தால் பின்வரிசையில் குழந்தையைத் தூங்கவைக்கிறவர்கள்கூட நிமிர்ந்து கேட்பார்கள். அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததை மறைக்கிற பழக்கமும் அவளுக்கு இல்லை. அந்தக் குரலைக் கேட்டுத்தான் அதே சர்ச்சில் கீபோர்டு வாசிக்கும் அந்தோணி பிரகாஷ், தான் ஆரம்பித்த கதைச் சேனலுக்கு அவளைக் கூப்பிட்டான். வீட்டின் உள்ளறையில் கம்பளியைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு, எதிர்வீட்டு மாவு மில் ஓயும் மத்தியான வேளையில் அவள் வியர்த்து வடிய வாசிப்பாள்.

வாசிப்பாள், வாசித்து முடித்ததும் வைவாள்.

"இன்னிக்கு என்ன பண்ணான் உங்க ஆளு?" என்று கேட்பார் கணவர் மதலைமுத்து. டிராக்டர் பட்டறையிலிருந்து சாப்பிட வந்திருப்பார்.

"கையை முறுக்கிட்டான். அவ காலேஜ்ல கூடப் படிச்ச பையன்கிட்ட வழி கேட்டாளாம். அதுக்கு மணிக்கட்ட முறுக்கி, ரூமுக்குள்ள தள்ளிப் பூட்டி, ரெண்டு நாள் சோறு போடல."

"போலீசு புடிக்கலியா?"

"புடிக்கறதா? கீழ கமெண்ட்டப் படிங்க. 'பாவம் ருத்ரா, எவ்ளோ லவ் இருந்தா இவ்ளோ கோவம் வரும்'னு போட்டிருக்கா ஒருத்தி. இன்னொருத்தி, 'எனக்கு இப்படி ஒரு ராட்சசன் கெடைக்கலியே'ன்னு அழுவுறா."

"அவ வூட்டுக்காரரு நல்லவரா இருப்பாரு, அதான் தைரியமா ஏங்குது," என்பார் மதலைமுத்து, ரசம் ஊற்றிக்கொண்டே.

கதாநாயகியின் பெயர் இழையினி. அவளுக்கு மீன்போலக் கண்களும், அடிபட்டால் உடனே மயங்கி விழுகிற திறமையும் இருந்தன. அவளைப் பழிவாங்குவதற்காக ருத்ரேஷ்வர் கட்டாயத் தாலி கட்டினான். எதற்குப் பழி என்பது பாதிக் கதையில் எழுத்தாளருக்கே மறந்துபோனது. பூட்டி வைத்தான், அறைந்தான், முறுக்கினான். அத்தியாயத்துக்கு அத்தியாயம் அவள் மயங்க, அவன் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட, 'தூக்கிக்கொண்டு ஓடினான் பாருங்கள், அதுதான் காதல்' என்று வாசகிகள் உருகினார்கள். தள்ளிவிட்டதும் அவன்தானே என்று ஆக்சிலியா கம்பளிக்குள் உட்கார்ந்து பல்லைக் கடிப்பாள். ஆனால் வாசிக்கும்போது அந்தக் கடுப்பு குரலில் ஒரு துளியும் தெரியாது. தொழில் வேறு, வயிற்றெரிச்சல் வேறு என்று வைத்திருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக் கோகிலவாணி தன் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

கோகிலவாணி தமிழ்மணியின் மூத்த மகள். தமிழ்மணிக்கு ஊருக்கு வெளியே மஞ்சளும் மரவள்ளியும் போடும் நிலம். அதிகம் பேசாத மனிதர். மனைவி சின்னம்மாள் அவருக்கும் சேர்த்துப் பேசுவாள். பி.எஸ்சி. முடித்த கையோடு பெண்ணைப் பாப்பிரெட்டிப்பட்டியில் செல்போன் கடை வைத்திருந்த பிரபாகருக்குக் கொடுத்தார்கள். கலியாணமாகி இரண்டாவது பொங்கல் வருவதற்குள் பெண் தனியாகப் பஸ் ஏறி வந்துவிட்டாள். வலது கையில் துணி சுற்றியிருந்தது.

"தோசை ஊத்தறப்ப வழுக்கிருச்சாம்," என்றாள் சின்னம்மாள், மதில்சுவருக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு.

துணி மாற்றும்போது ஆக்சிலியா அந்தக் கையைப் பார்த்திருந்தாள். வழுக்குகிற கை விரல் நுனியில்தான் சுடும். இந்தக் கையில் உள்ளங்கை முழுக்க வெந்திருந்தது.

உண்மை இரண்டாவது வாரம் வெளியே வந்தது. கோகிலவாணியே சொன்னாள், மாவு மில்லில் வரிசையில் நிற்கும்போது, யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல. கல்லூரியில் கூடப்படித்த பையன் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பியிருக்கிறான். பிரபாகர் அவள் போனைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு, 'இந்தக் கைதான டைப் பண்ணுச்சு' என்று அடுப்பில் இருந்த தோசைக்கல்லில் வைத்து அழுத்தியிருக்கிறான். மாமியார் பக்கத்து அறையில் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தாளாம்.

"அப்பறம் அவரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாருக்கா. அழுதாரு. நர்சு கேட்டதுக்கு வழுக்கிருச்சுன்னு அவருதான் சொன்னாரு."

"நல்லவேள. சொல்றதுக்குன்னு ஒரு ஆள் இருந்தானே," என்றாள் ஆக்சிலியா.

கோகிலவாணிக்குச் சிரிப்பு வரவில்லை. மாவுத் தூசியைப் பார்த்தபடியே தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, ருத்ரேஷ் மாறிடுவானாக்கா?"

ஆக்சிலியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நீயும் அதக் கேக்கறியா?"

"தெனமும் கேக்கறன். உங்க கொரல்ல கேட்டா தூக்கம் வருது. சொல்லுங்கக்கா, உங்களுக்குத்தான் முன்னாடியே அனுப்புவாங்கல்ல. மாறிடுவானா?"

"அவன் எதுக்குடி மாறப்போறான்? அவன் மாற வேண்டியதே இல்ல. கடைசியில அவளுக்கு மறதி வரும், அவ்ளோதான்."

கோகிலவாணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சொன்ன பிறகுதான், தான் கதையைப் பற்றி மட்டும் பேசவில்லை என்பது ஆக்சிலியாவுக்கு உறைத்தது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

அடுத்த வாரமே மன்னிப்பு அத்தியாயம் வந்தது. ருத்ரேஷ்வர் மழையில் மண்டியிடுகிறான். இந்த ஆளுக்கு எதைச் செய்வதற்கும் மழை வேண்டும். 'உன் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் என் ஆயுளில் ஒரு வருடத்தை எடுத்துக்கொள் இழையினி. நான் மிருகம்தான். ஆனால் அந்த மிருகத்துக்குக் காதலிக்கக் கற்றுக்கொடுத்தது நீதானே. நீ இல்லாத வீட்டில் கண்ணாடிகூட என்னைப் பார்க்க மறுக்கிறது.' அதோடு அவள் அவன் மார்பில் சாய்கிறாள், மழை நிற்கிறது.

மிருகத்துக்கு இவளென்ன டியூஷனா எடுத்தாள் என்று திட்டிக்கொண்டேதான் ஆக்சிலியா மைக்கின் முன் உட்கார்ந்தாள். அன்றைக்கு அவளுக்குச் சளி. 'நீதானே' என்ற இடத்தில் தொண்டை அடைத்து, எச்சில் விழுங்கி, ஒரு மூச்சு விட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக முடிந்தது. மறுபடி வாசிக்கிறேன் என்றாள். அந்தோணி பிரகாஷ் விடவில்லை. "அக்கா, அந்த எடத்துல செத்துட்டன்க்கா. அப்படியே இருக்கட்டும்."

அந்த எச்சில் விழுங்கலுக்குத் தமிழ்நாடே அழுதது. மலேசியாவிலிருந்து ஒருத்தி, தன் வீட்டுக்காரரை இன்றைக்கு மன்னித்துவிட்டதாகக் கமெண்ட் போட்டாள். எதற்காக மன்னித்தாள் என்று எழுதவில்லை. ஆக்சிலியா அதைப் படித்துவிட்டு, பெருமைப்படவா பயப்படவா என்று தெரியாமல் போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்சம் பெருமைதான் பட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, தமிழ்மணி வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பிரபாகர் இறங்கினான். கூடவே அவன் பெரியப்பா தர்மன் இறங்கினார். ஒரு காலத்தில் வார்டு மெம்பராக இருந்தவர். அதற்குப் பிறகு வெள்ளைச் சட்டையைக் கழற்றவே இல்லை. கையில் ஆப்பிள், ஆரஞ்சு நிரம்பிய பெரிய பை.

அவர்கள் வருவது சின்னம்மாளுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. வாசலில் தண்ணீர் தெளித்திருந்தது. கதவுக்கு உள்பக்கம் கோகிலவாணியின் துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. தெருவில் நாலைந்து பெண்கள் ஏதோ வேலை இருப்பதுபோல வந்து நின்றார்கள். காரில் யார் வந்து இறங்கினாலும் அந்தத் தெருவில் வேலைகள் முளைத்துவிடும்.

"பையன் எறங்கி வந்துட்டான் தாயி," என்று தர்மன் தொண்டையைச் செருமினார். "கோவம் யாருக்கு வரல? எங்கம்மாள எங்கப்பன் அடிக்காத அடியா? நாங்க பொறக்கலியா, வளரலியா?"

இந்த ஆதாரத்துக்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை. கோகிலவாணி நிலைப்படியில் நின்றாள். கைத்துணி அவிழ்ந்து, உள்ளங்கை ரோஜா நிறத்தில் சுருங்கி இருந்தது. தமிழ்மணி தொட்டியோரம் கை கழுவிக்கொண்டு நின்றார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

அப்போதுதான் பிரபாகர் மண்டி போட்டான். நட்ட நடு வாசலில், தெளித்த ஈரத்தில், இஸ்திரி போட்ட பேண்ட்டோடு. கூடியிருந்த பெண்களிடமிருந்து ஒரு 'ச்சு' எழுந்தது.

"கோகிலா," என்றான். குரல் நடுங்கியது. "உன்னோட ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்கும் என் ஆயுசுல ஒரு வருசத்த எடுத்துக்க கோகிலா."

ஆக்சிலியா மாடியில் ஒரு பாவாடையைப் பிழிந்துகொண்டிருந்தாள். யாரோ போனில் சேனலை ஓடவிட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள்.

"நான் மிருகந்தான். ஆனா அந்த மிருகத்துக்குக் காதலிக்கக் கத்துக்குடுத்தது நீதான."

இங்கே அவன் நிறுத்தினான். எச்சில் விழுங்கினான். ஒரு மூச்சு விட்டான்.

பாவாடை ஆக்சிலியாவின் கையிலிருந்து நழுவியது. அது அவளுடைய சளி. அவளுடைய தொண்டை அடைப்பு. மாத்திரை போட்டும் போகாத அந்தச் சளியைக்கூட விடாமல் மனப்பாடம் செய்துகொண்டு வந்து, இந்த ஆள் இங்கே ஈரத்தில் மண்டி போட்டு நிற்கிறான்! அவள் ஈரக்கையோடு மாடிப்படி இறங்கி, மதில்சுவரோரம் போய் நின்றாள்.

கீழே சின்னம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "பாரு கண்ணு, பாரு, எப்படிக் கரையறாருன்னு பாரு" என்று மகளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். கோகிலவாணியின் முகத்திலும் ஏதோ இளகுவது தெரிந்தது. எங்கேயோ கேட்டதுபோல இருக்கிறதே என்ற குழப்பமும் அதில் இருந்தது.

பிரபாகருக்கு அடுத்த வரி வரவில்லை. எச்சில் விழுங்குவதில் கவனமாக இருந்தவன் அதற்குப் பின்னால் வருவதைத் தொலைத்துவிட்டான். கண் மேலே போனது, கூரையைப் பார்த்தது, பரீட்சைப் பையனைப்போல உதடு வெறுமனே அசைந்தது.

"நீ இல்லாத வூட்டுல," என்றாள் ஆக்சிலியா சுவருக்கு இந்தப் பக்கமிருந்து. மைக்கில் பேசும் அதே குரலில்.

"நீ இல்லாத வூட்டுல," என்று அவன் நன்றியோடு பிடித்துக்கொண்டான், "கண்ணாடி கூட என்னப் பாக்க மாட்டேங்குது கோகிலா." அவள் வந்து சாய்வதற்காக இரண்டு கைகளையும் விரித்தான். அதற்குப் பிறகுதான் யார் எடுத்துக் கொடுத்தது என்று திரும்பிப் பார்த்தான்.

தெருப் பெண்களில் ஒருத்தி வாயைப் பொத்தினாள். அவளும் சேனல் கேட்கிறவள்.

கோகிலவாணி ஆக்சிலியாவைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். இளகியது அப்படியே நின்றுபோனது.

"எந்தக் கண்ணாடி?" என்று கேட்டாள்.

"ஆங்?"

"எந்தக் கண்ணாடி உங்களப் பாக்க மாட்டேங்குது? பீரோ கண்ணாடிய நீங்கதான ஒடச்சீங்க, ஆடி மாசம். பாத்ரூம்ல இருந்தது அதுக்கு முன்னாடியே போச்சு. நான் பவுடர் டப்பா மூடியில பாத்துத்தான் பொட்டு வெச்சிட்டிருந்தன்."

யாரோ பக்கென்று சிரித்துவிட்டார்கள். தர்மன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆக்சிலியா பக்கம் திரும்பினார். "ஏம்மா, நீ யாரும்மா நடுவுல? குடும்ப விசயம் பேசறப்ப நாடகத்துக்குச் சொல்லிக் குடுக்கற மாதிரி?"

"நாடகம்னு நீங்களே சொல்லிட்டீங்க பெரியவரே. நான் சொல்லல," என்றாள் ஆக்சிலியா.

"அதவுடுங்க," என்றாள் கோகிலவாணி. அவள் யாரிடமும் உரக்கப் பேசாதவள். அன்றைக்கும் உரக்கப் பேசவில்லை. "எதுக்கு மன்னிப்புக் கேக்கறீங்க?"

"எல்லாத்துக்குந்தான் கோகிலா."

"எல்லாத்துக்கும்னா எதுக்கு?"

"நடந்ததுக்கு."

"என்ன நடந்துச்சு?"

பிரபாகர் சுற்றுமுற்றும் பார்த்தான். இந்தக் கேள்விக்கு நிலாத்தூரிகை ஒன்றும் எழுதிக் கொடுக்கவில்லை. "கோவத்துல... ஏதோ... நீயும் அந்தப் பையன் கூட..." என்று இழுத்தான்.

"தோசைக்கல்லுல என் கைய வெச்சு அழுத்துனேன்னு சொல்லுங்க. அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க, போதும். வேற வசனம் வேண்டாம்."

"எல்லாரு முன்னாடியும் அத எப்படிச் சொல்றது?"

"எல்லாரு முன்னாடியும் மண்டி போட முடியுதில்ல?"

சின்னம்மாளின் கை மகளின் தோளிலிருந்து தானாக இறங்கியது. வழுக்கிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்தான். அந்தச் சொல்லை இனி யாரிடம் போய்ச் சொல்வது?

பிரபாகர் எழுந்தான். முட்டியில் ஒட்டியிருந்த ஈர மண்ணை இரண்டு தட்டுத் தட்டினான். நடுக்கம், தழுதழுப்பு எல்லாம் அந்த மண்ணோடு உதிர்ந்தது போலிருந்தது. மீதியிருந்தது அவனுடைய சொந்தக் குரல்.

"ஓவராப் பண்ணாதடி. நானா வந்தன் பாரு, என்னச் சொல்லணும். மரியாதயாப் பைய எடுத்துட்டு வண்டியில ஏறு."

அந்தக் குரலை அந்தத் தெரு அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. கோகிலவாணிக்கு மட்டும் அது பழைய குரல். அவள் ஒரு அடி பின்னால் போனாள். வெந்த கை தானாக முதுகுக்குப் பின்னால் ஒளிந்தது. அந்த ஒரு அசைவை எல்லோரும் பார்த்தார்கள். தமிழ்மணியும் பார்த்தார்.

அவர் தொட்டியை விட்டு வந்தார். கதவோரம் இருந்த துணிப்பையைத் தூக்கினார். பிரபாகர் அதை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினான். தமிழ்மணி அந்தக் கையைப் பார்க்காமலே பையை உள்ளே கொண்டுபோய், உள்ளறைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு வந்தார்.

"கெளம்புங்க," என்றார் தர்மனிடம். அவ்வளவுதான் பேசினார். அதுவே அவருக்கு அந்த மாதத்துப் பேச்சு.

தர்மன் ஏதேதோ சொன்னார். கௌரவம் என்றார், சாதி சனம் என்றார், இன்னொரு பெண் இருக்கிறாள், அவளுக்கு எவன் வருவான் பார்க்கிறேன் என்றார். சொல்லிக்கொண்டே காரில் ஏறியவர், மறுபடி இறங்கி வந்து, வாசலில் வைத்த பழப்பையை எடுத்துக்கொண்டு போனார். அவர்கள் போன பிறகும் தெருவில் நெடுநேரம் சிரிப்பு அடங்கவில்லை. மண்டி போட்டதை மறந்தவர்கள்கூட அந்தப் பழப்பையை மறக்கவில்லை.

சின்னம்மாள் சிரிக்கவில்லை. சாயங்காலம் மதில்சுவரோரம் வந்து நின்று, "எம்பொண்ணு வாழ்க்கையில எடுத்துக் குடுத்துக் கெடுத்துட்டியேம்மா," என்றாள் ஆக்சிலியாவிடம். "அவரு எங்க படிச்சா என்ன, எதக் கேட்டா என்ன? வந்தாரில்ல?"

"வந்தவரு ஒரே ஒரு வரி சொந்தமாச் சொல்லியிருந்தா நானே பைய எடுத்துக் குடுத்திருப்பன் சின்னம்மாக்கா."

அது பொய். ஆக்சிலியா எடுத்துக் கொடுத்திருக்க மாட்டாள். சின்னம்மாள் உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் ஆக்சிலியாவிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

கோகிலவாணி அந்த வாரம் அப்பாவோடு தர்மபுரி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் புகார் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டும் கையுமாகப் போனாள். வழுக்கியது என்று சீட்டில் இருந்ததைப் பார்த்து அங்கே கேட்டார்கள். யார் சொல்லி எழுதியது என்பதையும் அவளே சொன்னாள். வக்கீல் வைத்தார்கள். பிரபாகர் தரப்பிலிருந்து, அந்தக் கிறிஸ்துவப் பொம்பளைதான் பெண்ணின் மனதைக் கலைத்தாள் என்று சொல்லிக்கொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. தன் மேலிருக்கும் குற்றத்தைத் தவிர மற்ற எல்லார் குற்றத்தையும் அவனால் பேர் சொல்லிச் சொல்ல முடிந்தது.

ஆக்சிலியாவுக்கு உள்ளே ஏதோ கிடந்து உறுத்தியது. அடுத்த அத்தியாயம் வாசிக்க வந்தபோது அதை அப்படியே வைத்துவிட்டு, அந்தோணி பிரகாஷிடம் எண் வாங்கி, எழுத்தாளரையே கூப்பிட்டாள்.

நிலாத்தூரிகைக்குத் தேன் குரல். "சிஸ்! உங்க வாய்ஸ்ல ருத்ரா அழுதப்போ நானே அழுதுட்டேன் சிஸ்!"

"நல்லதுங்க. ஒரே ஒரு விசயம். முடியறதுக்குள்ள அவன் என்ன செஞ்சான்னு ஒரு தடவ வாயத் தொறந்து சொல்ற மாதிரி எழுதுவீங்களா? மணிக்கட்ட முறுக்கினன், பூட்டி வெச்சன், சோறு போடலன்னு."

"ஐயோ, அதெல்லாம் ஞாபகப்படுத்தினா வாசகிகளுக்கு மூடு போயிடும் சிஸ். இப்ப ரொமான்ஸ் ட்ராக்ல இருக்கு."

"எங்க கோயில்ல பாவசங்கீர்த்தனம்னு ஒண்ணு இருக்குங்க. அங்கயும் மண்டிதான் போடறோம். சும்மா மண்டி போட்டு, 'நான் மிருகம்'னு அழுதா சாமியார் எழுந்து போடான்னுவாரு. என்ன பாவம், எத்தன தடவன்னு வாயால சொன்னாத்தான் மேல பேச்சு."

"சிஸ், அது மதம். இது கதைதானே."

"கதைதாங்க. ஒருத்தன் வந்து எங்க பக்கத்து வூட்டு வாசல்ல அந்தக் கதைய ஒப்பிச்சான்."

ஒரு கணம் ஆக்சிலியாவுக்கு நம்பிக்கைகூட வந்தது.

"நிஜமாவா சிஸ்?" என்றது தேன் குரல். "அவ்ளோ ரீச் ஆயிருக்கா?"

ஆக்சிலியா போனை வைத்துவிட்டாள். அன்றே அந்தோணி பிரகாஷிடம் இனி இந்த நாவலை வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அவன் கெஞ்சினான். இன்னும் மூன்றே மூன்று அத்தியாயம்க்கா என்றான். முடியாது, வேண்டுமானால் பேய்க்கதை கொடு வாசிக்கிறேன், பேய்கள் தாம் செய்ததை ஒளிக்காமல் சொல்லும் என்றாள். கடைசியில் அவன் சேலத்திலிருந்து பிரியதர்ஷினி என்ற பெண்ணைப் பிடித்தான். கல்லூரி மாணவி, மூக்கால் வாசித்தாள். ஆனாலும் கடைசி அத்தியாயத்தை முன்னைவிட அதிகம் பேர் கேட்டார்கள். அது ஆக்சிலியாவுக்குக் கொஞ்சம் வலித்தது. தன் குரல் இல்லாவிட்டால் சேனல் படுத்துவிடும் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள்.

அந்தக் கடைசி அத்தியாயத்தை அவளும் கோகிலவாணியும் சேர்ந்துதான் கேட்டார்கள். ஆக்சிலியா வீட்டுப் பின்கட்டில், கடலைக்காயை உரித்துக்கொண்டு, போனை முறத்தின் மேல் சாய்த்து வைத்து. இழையினிக்கு இரட்டைக் குழந்தை. ருத்ரேஷ்வர் இப்போது தம்ளர் உடைப்பதில்லை. குழந்தைக்குப் பால் ஆற்றுகிறான். மழை பெய்கிறது.

"பால் ஆத்தறதுக்கும் மழையா," என்றாள் ஆக்சிலியா.

கோகிலவாணி இடது கையால் உரித்தாள். வலது கையை மடியில் விரித்து வைத்திருந்தாள். "அக்கா, இந்தப் பொண்ணுக்கு அம்மா வூடே இல்லீங்களா? ஒரு தடவ கூடப் போவலியே."

"அவங்கள மொத அத்தியாயத்துலயே கார் ஆக்சிடெண்ட்ல கொன்னுட்டாங்க."

"தம்பி, தங்கச்சி?"

"யாரும் இல்ல. பக்கத்து வூடும் இல்ல. அரண்மனை மாதிரி பங்களா, சுத்தி தோட்டம்."

"அதான பாத்தன்," என்றாள் கோகிலவாணி. போனை எடுத்து, இடது கைக் கட்டைவிரலால் மெதுவாக ஒரு கமெண்ட் போட்டாள். 'அவன் என்ன செஞ்சான்னு ஒரு தடவையாவது சொன்னானா?'

ஒரு படி கடலை உரிப்பதற்குள் பதில்கள் வந்து விழுந்தன. ஆக்சிலியா போனை வாங்கி, மன்னிப்பு அத்தியாயம் வாசித்த அதே கரகரத்த குரலில் ஒவ்வொன்றாக வாசித்தாள். "'நீங்க லைஃப்ல காதலிச்சதே இல்லையா சிஸ்?' 'ருத்ரா கண்ணு பேசும், வாய் பேச வேணாம்.' 'உங்கள மாதிரி ஆளுங்களாலதான் குடும்பம் பிரியுது.' 'இவங்களுக்கு ஹஸ்பெண்டு கிடைக்கலன்னு நெனைக்கறேன்.'"

கடைசிப் பதிலில் கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பு நிற்கவில்லை. கடலைத் தோல் மடியிலிருந்து சிதறச் சிதறச் சிரித்தாள். ஆக்சிலியா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

மதில்சுவருக்கு மேலே சின்னம்மாளின் தலை தெரிந்தது. ஆக்சிலியாவை அவள் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துத்தான் பேசினாள்.

"சிரிங்க, நல்லாச் சிரிங்க. புதன்கெழம கோர்ட்டுக்குப் போவணும். அந்த மஞ்சச் சேல கசங்கிக் கெடக்குது, வந்து எடுத்துத் தேச்சு வெய்யி."